வேடிக்கைப் பக்கமும் நாட்டுப் பக்கமும்

(நீடாமங்கலத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



நீடாமங்கலத்தில் பேச வருகிறவர் விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தானராமர் கோயில் இருக்கிறது. யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு இருக்கிறது. தவில் என்றதும் நினைவுக்கு வரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த ஊர்ப் பெயரோடுதான் உலகத்துக்குத் தெரிந்தார். இத்தனையும் இருக்க லண்டன், பாரிஸ், சிக்காகோ பொருட்காட்சிகளைப் பற்றி இங்கே எதற்குப் பேச வேண்டும்? காரணம் கும்பகோணம் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. வலங்கைமான். அந்த ஊரில் பிறந்த ஒருவர், 1923இல் லண்டனில் எழும்பிக்கொண்டிருந்த பேரரசுப் பொருட்காட்சியில் இந்தியா கலந்துகொள்ளக் கூடாது என்றார். அதே பொருட்காட்சிக்கு இந்தியாவின் கமிஷனராக இருந்தவரும் தமிழர். இந்த இருவருக்கும் நடுவே கிடக்கும் கேள்விதான் இன்றைய பேச்சு.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் பொருட்காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், கேளிக்கைப் பூங்காவை ஒரு அத்தியாயமாகவும் நாடுகளின் அரங்குகளை இன்னொரு அத்தியாயமாகவும் எழுதுவது வழக்கம். எனக்கு அந்தப் பிரிவினையிலேயே சந்தேகம். எது வேடிக்கை, எது நாடு என்று திடலில் ஒரு கோடு போடப்பட்டது. அந்தக் கோடு யாருடைய காலடியில் விழுந்தது, யார் கையால் விழுந்தது என்று பார்த்தால் அந்தப் பொருட்காட்சிகளின் அரசியல் முழுவதும் தெரிந்துவிடும். சில நாடுகள் தங்கள் பொருள்களை அனுப்பின. சில நாடுகளிலிருந்து ஆட்களையே பொருளாக வரவழைத்தார்கள். இதைச் சில எண்ணிட்ட குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. முதலில் தரைப்படம்

கோடு போடும் பழக்கம் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாட்டால் நமக்குத் தெரிந்த 1893 சிக்காகோ பொருட்காட்சியில் திடல் இரண்டாக இருந்தது. வெள்ளை மாளிகைகள் நிறைந்த ஒரு பக்கம் அறிவுக்கும் தொழிலுக்கும். மிட்வே என்ற நீண்ட தெரு வேடிக்கைக்கு. முதல் ஃபெரிஸ் ராட்டினம் அந்தத் தெருவில்தான் சுழன்றது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களை வைத்து அமைத்த கிராமங்களும் தெருக்களும் அதே தெருவில்தான் இருந்தன.

இந்த ஏற்பாட்டில் பணக் கணக்கும் உண்டு. சுரங்க இயந்திரத்தையும் கோதுமைக் கதிரையும் பார்க்க ஒருவர் ஒரு முறை வருவார். ராட்டினத்துக்கு மறுபடி வருவார், பிள்ளைகளோடு வருவார். தேர்த் திருவிழாவில் சாமிக்கும் மிட்டாய்க் கடைக்கும் ஒரே கூட்டம்தான் வருகிறது. கடைக்காரர் கொடுக்கும் தரை வாடகையில் கோயிலுக்கும் பங்குண்டு. அங்கேயும் அப்படித்தான். வேடிக்கையின் வருமானம் இல்லாமல் நாடுகளின் கம்பீரம் நிற்காது. ஆனால் வேடிக்கை தள்ளி இருக்க வேண்டும், கம்பீரத்தின் மேல் அதன் தூசு படக் கூடாது.

2. வெம்பிளி

1924 ஏப்ரல் 23 அன்று லண்டனுக்கு வெளியே வெம்பிளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சியைத் திறந்துவைத்தார். மன்னரின் குரல் வானொலியில் ஒலிபரப்பானது அதுவே முதல் தடவை. திடல் 216 ஏக்கர். கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த பழைய வெம்பிளி விளையாட்டரங்கம் இந்தப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டதுதான். 1924இலும் 1925இலுமாக இரண்டு பருவம் நடந்தது. இரண்டிலும் சேர்த்து வந்தவர்கள் சுமார் 2.7 கோடி. அப்படியும் பெரும் நஷ்டம்.

அங்கே நிற்காத ரயில் ஒன்று ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே சுழலும் நீண்ட திருகு ஒன்று பெட்டிகளைத் தள்ளும். நிலையம் வரும் இடத்தில் திருகின் புரிகள் நெருக்கமாக இருக்கும், அதனால் வண்டி நடை வேகத்துக்கும் கீழே இறங்கும். ஜனங்கள் ஏறி இறங்கிக்கொள்வார்கள். நிலையம் தாண்டியதும் புரிகள் அகன்று வேகம் பிடிக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகிய உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கனடா அரங்கில் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் வேல்ஸ் இளவரசரைக் குதிரையோடு முழு வெண்ணெயில் செய்து நிறுத்தியிருந்தார்கள். இதுவும் வேடிக்கைதான். ஆனால் காட்டப்பட்டது கனடாவின் வெண்ணெய், அதைக் கெடாமல் கடல் கடத்தும் குளிர்பதனத் திறன். கனடாக்காரர் யாரும் கண்ணாடிக்குள் உட்காரவில்லை.

இந்திய அரங்குக்கு வாருங்கள். தாஜ்மகாலையும் டெல்லி ஜும்மா மசூதியையும் மனத்தில் வைத்து எழுப்பிய வெள்ளைக் கட்டடம். கோபுரத்தின் சாயலை முகப்பில் தேடினால் கிடைக்காது. உள்ளே மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் தனித்தனிக் கூடங்கள். கம்பளம், பித்தளை, பட்டு, மரம், தோல், தானியம். இதுவரை கனடா மாதிரிதான். ஆனால் அதே அரங்குக்குள் பாம்பாட்டியும் செப்படி வித்தைக்காரரும் இருந்தார்கள். பிரிட்டனின் சறுக்கு ரயிலும் நீர்ச்சறுக்கும் கேளிக்கைப் பூங்காவுக்குள் தனியே இருக்க, இந்தியாவின் கேளிக்கை இந்தியாவின் அரங்குக்குள்ளேயே வைக்கப்பட்டது. கோடு நம் அரங்கின் நடுவே ஓடியது.

பொருட்காட்சியின் வெளியீடுகளில், திடலில் குடியிருக்கும் இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. மலாய்க்காரர், பர்மியர், ஹாங்காங் சீனர், மேற்கு ஆப்பிரிக்கர் என்று போகும். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மதில் சூழ்ந்த மண் நகரம் ஒன்றைக் கட்டி, அங்கிருந்து வந்த கைவினைஞர்களையும் குடும்பங்களையும் அதற்குள் குடியிருத்தினார்கள். தறியில் உட்கார்ந்தவர் நெய்துகொண்டிருப்பார். அவர் சாப்பிடுவதையும் எட்டிப் பார்ப்பார்கள். லண்டன் பத்திரிகைகளின் கேலி எழுத்தைக் கண்டு அங்கே படித்துக்கொண்டிருந்த மேற்கு ஆப்பிரிக்க மாணவர்கள் கொதித்தார்கள். நைஜீரியாவிலிருந்து வந்து சட்டம் படித்த லடிப்போ சோலங்கே அவர்களில் முன் நின்றவர். அடுத்த ஆண்டே, 1925இல், மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம் உருவானது. பிற்காலத்து விடுதலைத் தலைவர்கள் பலர் அந்தச் சங்கத்தின் வழியே வந்தவர்கள். வெம்பிளி செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்க்கலாம், செய்தவர்கள் உத்தேசித்ததல்ல.

என் வாதத்துக்கு வலுவான சான்று ஒரு கல்லறை. எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறை 1922 நவம்பரில் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. வெம்பிளியில் அதன் நகலைச் செய்து வைத்தார்கள். கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் இதை எதிர்த்து வழக்குக்குப் போயும் பலிக்கவில்லை. அந்த நகல் எங்கே இருந்தது? கேளிக்கைப் பூங்காவில், சறுக்கு ரயில்களுக்கு அக்கம்பக்கத்தில். எகிப்து 1922 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆட்சியிலிருந்து பெயரளவிலாவது வெளியேறிவிட்டது. பேரரசுக்குள் இல்லாத நாட்டுக்கு அரங்கு கிடையாது. அதன் மன்னருக்கு மட்டும் வேடிக்கைப் பக்கத்தில் இடம் உண்டு.

ஒரு மறுப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். வெம்பிளியில் நிலக்கரிச் சுரங்கத்தின் முழு மாதிரியும் இருந்தது. பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளியின் உழைப்பும் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆகவே ஆளைக் காட்டுவது நிறத்தை மட்டும் பொறுத்ததல்ல, வர்க்கத்தையும் பொறுத்தது. ஆனால் அந்தச் சுரங்கத் தொழிலாளி இருட்டும் முன் வீட்டுக்குப் போகலாம். அவர் வாக்களித்துத்தான் 1924 ஜனவரியில் பிரிட்டனில் முதல் தொழிற்கட்சி ஆட்சி வந்தது.

இனித் தமிழர்கள். சென்னை மாகாணக் கூடத்தில் மட்டும் நம்மைத் தேடுவது போதாது. மலாயா அரங்கில் ரப்பர் இருந்தது. பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் அதில் ஏராளம். கண்டி தலதா மாளிகையின் சாயலில் கட்டிய இலங்கை அரங்கில் தேயிலை இருந்தது. மலையகத்தில் அதைக் கிள்ளியவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி என்று சர்க்கரை வந்த இடமெல்லாம் நம் ஒப்பந்தக் கூலிகளின் வியர்வை. பர்மாவின் நெல்லுக்குப் பின்னால் செட்டியார் முதல் இருந்தது. அத்தனை அரங்குகளிலும் தமிழ் உழைப்பு இருந்தது, தமிழர் பெயர் எதன் வாசலிலும் இல்லை.

சாப்பாட்டுப் பக்கம் ஒரு பெயர் இருந்தது. இந்திய அரங்கின் உணவகத்தைக் கவனித்துக்கொண்டது வீராசாமி கம்பெனி. பெயரைக் கேட்டுவிட்டு நம்மூர்க்காரர் என்று மகிழ வேண்டாம். அதன் உரிமையாளர் எட்வர்ட் பாமர், ஆங்கிலோ இந்தியப் பரம்பரையில் வந்தவர். வெம்பிளியில் கிடைத்த வரவேற்பைப் பார்த்து 1926இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் வீராசாமி உணவகத்தைத் திறந்தார். கோடிக்கணக்கில் செலவழித்த பேரரசு நஷ்டப்பட்டது, குழம்பு நிலைத்தது.

3. கமிஷனரும் சாஸ்திரியாரும்

இந்தியாவின் கமிஷனர் திவான் பகதூர் டி. விஜயராகவாச்சாரியார். 1920இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார் வேறு, இவர் வேறு. இவர் சென்னை மாகாண நிர்வாகத்தில் வளர்ந்து கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். 1922 முதல் வெம்பிளி வேலை. பிறகு 1926இல் கனடாவின் டொராண்டோவில் அந்நாட்டுத் தேசியப் பொருட்காட்சியைத் திறந்துவைத்தார். 1929இல் தொடங்கிய பேரரசு வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணைத் தலைவரானார். இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மூல அமைப்பு அது. நெல் விளைகிற பூமியில் இதைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் அவர் வெம்பிளி வேலையைத் தொடங்கிய 1922இல்தான்.

அவரை வெறும் அரசாங்க ஆள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு தமிழர், அதுவரை வெள்ளைக்காரர்களே உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்தியா வியாபாரம் செய்யக்கூடிய நாடு என்று லண்டனுக்குக் காட்ட முயன்றார். இந்தியத் தோலுக்கும் சணலுக்கும் மரத்துக்கும் சந்தை பிடிக்க வேண்டும் என்பது நேர்மையான நோக்கம்தான். நாற்காலி அவருடையது. திடலின் படம் அவருடையது இல்லை.

எதிர்ப் பக்கத்தில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869 செப்டம்பர் 22 அன்று வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915இல் அதன் தலைவரானார். ஆங்கிலப் பேச்சில் பெரிய பெயர். காந்தியின் ஒத்துழையாமையை ஏற்காத மிதவாதி. 1921இல் லண்டன் பேரரசு மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசி, குடியேற்ற நாடுகளில் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறக் காரணமாக இருந்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்பவில்லை. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி அதே வழக்கைப் பேசினார். பேரரசுக்குள் இந்தியன் சமமாக உட்கார முடியும் என்று உண்மையாகவே நம்பிய கடைசித் தலைமுறை அது.

அந்த நம்பிக்கையை உடைத்தது கென்யா. அங்கே அப்போது சுமார் 23,000 இந்தியர். ஐரோப்பியர் 10,000க்கும் குறைவு. உயர்ந்த மேட்டு நிலங்களில் இந்தியர்கள் நிலம் வாங்கக் கூடாது என்பது ஐரோப்பியரின் பிடிவாதம். 1923இல் சாஸ்திரியார் தூதுக்குழுவோடு லண்டன் போய் வாதாடினார். ஜூலையில் வெள்ளை அறிக்கை வந்தது. மேட்டு நிலம் ஐரோப்பியருக்கே. பொது வாக்காளர் பட்டியல் கிடையாது. சட்டமன்றத்தில் ஐரோப்பியருக்கு 11 இடம், இந்தியருக்குத் தனித் தொகுதியாக 5.

ஊர் திரும்பியதும் சாஸ்திரியார் சொன்னது காங்கிரஸ்காரர்களையே வியக்க வைத்தது. பேரரசுப் பொருட்காட்சியில் இந்தியா பங்கெடுக்கக் கூடாது. பேரரசின் குடும்பத்தில் நாம் சமம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அந்தக் குடும்பத்தின் கொண்டாட்டத்தில் நமக்கென்ன வேலை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதில் நான் கவனிக்கிறது ஒன்று. பகிஷ்காரத்தைச் சட்ட மறுப்புக்காரர் சொன்னால் அது அவர் வழக்கம். சாஸ்திரியார் சொன்னார் என்றால், அரங்கு எந்தக் கட்டடக்காரர் கட்டினாலும் உள்ளே எவ்வளவு நல்ல பட்டு வைத்தாலும் அதன் அர்த்தம் வேறு இடத்தில் முடிவாகிறது என்பதை அவர் கண்டுகொண்டார் என்று பொருள். கென்யாவின் காப்பியும் கற்றாழை நாரும் கிழக்கு ஆப்பிரிக்க அரங்கில் இருக்கும். இந்திய அரங்கு அதே திடலில் இருக்கும். நைரோபியில் இந்தியன் நிற்க முடியாத வரிசையில் வெம்பிளியில் இந்தியா நின்று சிரிக்க வேண்டும்.

அவர் பார்வையிலும் ஒரு மறைவிடம் உண்டு. அவர் கேட்டது இந்தியர்களின் சமத்துவம். அந்த மேட்டு நிலம் ஆப்பிரிக்கர்களுடையது என்பது இரு தரப்பு வாதத்திலும் ஓரமாகவே இருந்தது. ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்று அதே வெள்ளை அறிக்கை எழுதியதுகூட இந்தியர்களைத் தள்ளிவைக்க உதவிய வாசகமாகத்தான் பயன்பட்டது. கோடு போட்டவனிடம் சண்டை போடுகிறவனும் தனக்குக் கீழே ஒரு கோட்டை அப்படியே விட்டுவைப்பது உண்டு. பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

சாஸ்திரியார் சொல் எடுபடவில்லை, இந்திய அரங்கு எழும்பியது. அவர் 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா போனார். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். வலங்கைமானில் வெம்பிளியை நினைவுகூர்வோர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

4. பாரிஸ், 1931

பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை இன்னும் சாமர்த்தியமாகப் போட்டார்கள். 1931 மே முதல் நவம்பர் வரை பாரிசின் வான்சென் பூங்காவில் நடந்த காலனிப் பொருட்காட்சியில் அங்கோர்வாட் கோயிலின் மையப் பகுதியைப் பிரம்மாண்ட நகலாக எழுப்பினார்கள். புதுச்சேரியும் நமக்குப் பக்கத்துக் காரைக்காலும் சேர்ந்த பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு சிறிய அரங்கு இருந்தது. வாசலில் இரண்டு யானைச் சிலைகள். தஞ்சை மாவட்டத்து மிராசுதார் ஒருவர் அன்று காரைக்கால் எல்லையைத் தாண்டினால் வேறு பேரரசின் வேறு பொருட்காட்சிக்குள் போய்விடுவார் என்பது நினைத்துப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

பொறுப்பாளர் மார்ஷல் லியோத்தே, தன் திடலில் மனிதர்களை மிருகக்காட்சி மாதிரி வைக்கக் கூடாது என்றார். நல்லது. ஆனால் அதே மாதங்களில் பாரிசின் இன்னொரு கோடியில், பிராணிகளைக் காட்டுவதற்கென்றே இருந்த பூங்காவில், நியூ கலிடோனியாவின் கனாக் மக்களை நரமாமிசம் தின்பவர்கள் என்று பலகை வைத்துக் காட்டினார்கள். அவர்களில் சிலரை ஜெர்மனிக்கும் அனுப்பினார்கள். அவர்கள் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள், பாரிசில் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லப் போகிறோம் என்று நம்பிக் கப்பல் ஏறியவர்கள். 1998இல் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சுக் கால்பந்து அணியின் கிறிஸ்தியன் கரம்பூவுடைய கொள்ளுத் தாத்தா அவர்களில் ஒருவர். திடலுக்குள் கம்பீரம், திடலுக்கு வெளியே கூண்டு. சர்ரியலிஸ்ட் கவிஞர்கள் இந்தப் பொருட்காட்சிக்குப் போகாதீர்கள் என்று துண்டறிக்கை விட்டார்கள். காலனிகளைப் பற்றிய உண்மை என்று எதிர்க் காட்சியும் நடத்தினார்கள். அதற்கு வந்தவர்கள் சொற்பம். காலனிப் பொருட்காட்சியில் விற்ற அனுமதிச் சீட்டுகளோ சுமார் 3.3 கோடி.

5. சிக்காகோவும் நியூயார்க்கும், சுருக்கமாக

ஐரோப்பிய நாடுகளும் தங்களை வேடிக்கையாக்கிக்கொண்டனவே என்று கேட்கலாம். ஆம். 1933–34 சிக்காகோ பொருட்காட்சியில் முதல் ஆண்டு பெல்ஜியக் கிராமம் ஒன்று நல்ல காசு பார்த்தது. உடனே இரண்டாம் ஆண்டில் இங்கிலாந்து, அயர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின் என்று கிராமங்கள் முளைத்தன; பீர், வாத்தியம், பழைய வீதி. பொருளாதார மந்தத்தின் நடுவே, விசிறி நடனக்காரி சாலி ராண்டின் புண்ணியமும் சேர்ந்து, அந்தப் பொருட்காட்சி கடனை அடைத்தது. ஆனால் இத்தாலியக் கிராமத்தில் நடனமாடியவரைப் பார்த்துவிட்டு இத்தாலியின் தகுதியை யாரும் முடிவு செய்யவில்லை. இத்தாலிக்குத் தூதுவர் இருந்தார், படை இருந்தது, அதே திடலில் தனி அரங்கும் இருந்தது. வேடிக்கையாவது அவர்களுக்கு ஒரு வியாபாரம். வேண்டாமென்றால் மூடிவிடலாம்.

1939 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் திறந்தபோது செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே இல்லை. மார்ச்சில் ஹிட்லர் படை பிராகுக்குள் நுழைந்துவிட்டது. அப்படியும் அதன் அரங்கு, அமெரிக்காவில் இருந்தவர்களின் உதவியால் கட்டி முடிக்கப்பட்டுத் திறந்தது. நாடு போனபின் அரங்கே நாட்டுக்காகப் பேசியது. அதைப் படிக்கும்போதெல்லாம் வெம்பிளியின் வெள்ளைக் கட்டடம் நினைவுக்கு வருகிறது. முப்பது கோடி மக்கள் கொண்ட நாடு இருந்தது, அரங்கும் இருந்தது, பேச்சு மட்டும் வேறொருவருடையது.

6. லக்னோவும் இந்த ஊரும்

நம்மவர்களே போட்ட பொருட்காட்சிகளுக்கு வருகிறேன். காங்கிரஸ் மாநாடுகளோடு பொருட்காட்சி நடத்துவது பழைய வழக்கம். 1936இல் லக்னோவில் அது புது உருவம் எடுத்தது. அகில இந்திய நூற்போர் சங்கமும் கிராமத் தொழில் சங்கமும் முன்னின்றன. கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் ஜே. சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். கலைப் பகுதியை ஓவியர் நந்தலால் போஸ் பார்த்துக்கொண்டார். திறந்துவைத்த காந்தி, இது கண்ணுக்கு வேடிக்கை காட்டும் இடமாக இருக்கக் கூடாது, கிராமத் தொழிலைக் கற்கும் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

வெம்பிளித் திடலிலும் தறியில் ஆள் உட்கார்ந்திருந்தார், லக்னோவிலும் உட்கார்ந்திருந்தார். ஒரே கை, ஏறக்குறைய ஒரே தறி. ஒரு இடத்தில் அவர் காட்சி, இன்னொரு இடத்தில் ஆசிரியர். வித்தியாசம் தறியில் இல்லை, எதிரே நிற்பவர் என்ன எண்ணத்தோடு வந்தார் என்பதில் இருந்தது. ராட்டினமும் செப்படி வித்தையும் வேண்டாம் என்று காந்தி கோட்டையே அழிக்கப் பார்த்தார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வேடிக்கை பார்ப்பதும் ஜனங்களின் உரிமை. ஆனாலும் கைவினைஞரைப் பார்வைப் பொருளாக இருப்பதிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று யோசித்த பொருட்காட்சிக்காரர்கள் அந்த இருபது ஆண்டுகளில் உலகத்தில் வெகு சிலர்தான்.

இத்துடன் முடித்தால் பேச்சு இனிமையாக இருக்கும். ஆனால் இது நீடாமங்கலம். 1937 டிசம்பர் 28 அன்று இதே ஊரில் தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சுதேசிப் பேச்சும் கதர்க் கொடியும் சமபந்தி விருந்தும் இருந்தன. எல்லோருக்கும் விருந்து என்றதை நம்பி ஆதிதிராவிடர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். அதற்காக அடிக்கப்பட்டார்கள்; மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் ஊற்றப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார்கள். விடுதலை, குடி அரசு ஏடுகள் இதை விடாமல் எழுதின, வழக்கும் வந்தது. ஆ. திருநீலகண்டன் இதற்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கென்யாவின் கோட்டைப் பற்றி வலங்கைமான்காரர் கோபப்பட்டது நியாயம். பதினான்கு ஆண்டு கழித்து வலங்கைமானுக்குப் பக்கத்திலேயே, வெள்ளைக்காரர் யாரும் இல்லாத ஒரு பந்தலில், நம் கையாலேயே அந்தக் கோடு இலைக்கும் இலைக்கும் நடுவே போடப்பட்டது. நாடு என்ற அரங்கில் யார் உட்காரலாம் என்ற கேள்வி லண்டனில் கேட்கப்பட்டதைவிட இங்கே கூர்மையாகக் கேட்கப்பட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சென்னைத் தீவுத்திடலிலோ தஞ்சாவூரிலோ அடுத்த பொருட்காட்சி நடக்கும்போது ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஜயன்ட் வீல் எங்கே, டெல்லி அப்பளம் எங்கே, அரசுத் துறைகளின் அரங்குகள் எங்கே என்று தரைப்படம் வரையுங்கள். பிறகு ஆட்களைக் குறியுங்கள்: யார் மேசைக்குப் பின்னால் பெயர்ப் பலகையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், கரகமும் பொய்க்கால் குதிரையும் ஆடுகிறவர்கள் நுழைவாயிலில் வரவேற்க நிறுத்தப்பட்டிருக்கிறார்களா, மேடையில் அவர்கள் பெயரை யாராவது சொல்கிறார்களா, பானை வனைபவரிடம் பார்வையாளர்கள் கேள்வி கேட்கிறார்களா, படம் மட்டும் எடுக்கிறார்களா. வரைந்த தாளை இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு இங்கே பேச வருகிறவருக்கு அது பயன்படும்.